தொரைப்பாரு

ஏளா செல்வராணி, சத்தம் போடாத. அந்தி மயங்குற நேரத்துல பிள்ளையப் பேரு சொல்லிக் கூப்பிடப்படாது. நீ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ, ஒனக்குத் தெரியாது. கேளு.

கடலு இன்னும் உள்ள தள்ளிக் கெடந்த காலமாம். இந்தக் கூத்தந்துறையில கயித்தான்னு ஒரு ஆர்க்காட்டி. கப்பலுக்கு முன்னால தோணியில போயி, பாறையில தட்டாம வழி காட்டுறவரு. அவரு பொண்டாட்டி இன்னாசியம்மா, எங்க பூட்டிக்குப் பூட்டி.

அப்ப ஒரு வெள்ளக்காரத் தொரை. செருப்பில்லாத சின்னப் பயலா, பீரங்கிக்கு வெடிமருந்து தூக்கக் கப்பல் ஏறுனவனாம். ஏறுனான், ஏறுனான், ஏறிக்கிட்டே போனான். சின்ன அதிகாரி ஆனான். பதவிக்கு அடையாளமா ஒரு தோள்ல தங்கக் குஞ்சம் வந்துச்சு, பொறவு ரெண்டு தோள்லயும் வந்துச்சு. கப்பலே அவன் சொல்படின்னு ஆச்சு. அந்தக் கப்பலு இந்தத் துறைக்கு வந்தப்ப, "அங்க பாறை இருக்கு தொரை, போகாதீய"ன்னு வழி காட்டப் போன கயித்தான் சொன்னாராம். "எனக்கே நீ உத்தரவு போடுறியா?"ன்னான். கப்பல் மோதி உடஞ்சு அத்தன பேரும் செத்தாவ. கயித்தான் தோணியில தப்புனாரு.

செத்தவன் சும்மா கெடந்தானா? இல்லியே. அந்தியானா பாறை மேல நிப்பானாம், ரெண்டு தோள்லயும் தங்கம் மின்ன. "இங்க வா"ன்னு ஒரு அதட்டு. தொரை அதட்டுனா யாருக்குக் கால் நிக்கும்? ஒரு தோணி போச்சு, திரும்பல. பொறவு பாத்தா ஒத்தத் தோள்லதான் தங்கம். இன்னொரு தோணி போச்சு. தங்கமே இல்ல. குடுத்த பதவிய எல்லாம் கடலு ஒவ்வொண்ணா உருவிச்சுன்னு சொல்லுவாவ.

கயித்தான் மட்டும் போகல. இந்த அதட்டெல்லாம் எனக்குப் பழகுனதுதான்னு சிரிப்பாராம்.

கடைசியில பாறை மேல ஒரு வெறுங்கால் பயல் நின்னான். அவன் அதட்டல, அழுதான். அதட்டுக்கு அசையாத மனுசன் அழுகையக் கேட்டதும் தோணியத் தள்ளிட்டாரு. இன்னாசியம்மா இடுப்பளவு தண்ணியில எறங்கிக் கத்துனா. புருசன் காதுல விழல. தோணி பாறைகிட்டப் போயிட்டு. அவ புருசனக் கூப்பிடுறத விட்டுட்டு, பிள்ளையளக் கூப்பிடுற கொரல எடுத்தா.

"எய்யா, இருட்டுதுல்லா. வூட்டுக்கு வா மக்கா."

அவனுக்கு நம்ம பாஷை ஏது? ஆனா ஆத்தா கொரலு எந்தப் பிள்ளைக்கும் தெரியும்லா. அழுக நின்னுட்டு. பாறையில யாருமில்ல. கயித்தான் தோணியத் திருப்பிட்டாரு.

புருசன் பொழச்சிட்டாருன்னு அவ அழுதுகிட்டே வூட்டுக்குப் போனா. வாசல்ல ஈரம். சின்னச் சின்னக் காலடி உள்ள போயிருக்கு. வெளிய வந்த தடம் இல்ல.

அந்தப் பாறைதான் தொரைப்பாரு. அதுலருந்து இந்தத் துறையில எவளும் அந்தியில பிள்ளையக் கூப்பிட மாட்டா, போயிக் கையப் புடிச்சுக் கூட்டியாருவா. கூப்பிட்டா, கூப்பிடாததும் வரும்.

நீ கூப்பிட்டுட்ட. சரி, போ. ராத்திரிச் சோத்துல ஒரு பிடி கூடப் போட்டு வையி. பாவம், அதும் பிள்ளதான்.