ஆணியில் தொங்கிய இரண்டு பைகள்

ஓடுகிறோம். செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால். குச்சவெளிக் கரையோர வீதி. கடைசியில் அக்கா. அவளுக்கு முன்னால் அம்மா. பிறகு என் மனைவி, இடுப்பில் நாலு வயது மகள். எல்லோருக்கும் முன்னால், குடும்பத் தலைவன், நான்.

டும்.

ஷெல் புறப்படும் சத்தம். விழும்வரை எண்ண வேண்டும். அக்கா பழக்கியது.

"படுங்கோ! எண்ணுங்கோ!"

எட்டு. ஒன்பது. காது அடைக்கிறது. களப்புத் தண்ணீர்ப் பக்கம் மண் எழும்புகிறது. எழுந்து ஓடுகிறோம். என் முதுகுக்குப் பின்னால் சடசட. சுடுகிறார்கள். குப்புற விழுகிறேன். சத்தம் நிற்கிறது. ஓடுகிறேன். மறுபடியும் சடசட. மறுபடியும் விழுகிறேன்.

"ஏன்டா சும்மா சும்மா விழுறாய்?" அம்மா கத்துகிறாள்.

அக்கா பரமேஸ்வரி. தையல்காரி. கல்யாணம் கட்டவில்லை. வீட்டின் பாதுகாப்பு அமைச்சர் அவள்தான். மாதம் ஒருக்கா ஒத்திகை. ஓடும்போது தூக்க, அம்மாவுக்கு மருந்து. மனைவிக்குப் பிள்ளையும் தண்ணீர்ப் போத்தலும். எனக்கு, குசினிக் கதவருகே ஆணியில் தொங்கும் கறுப்புப் பை. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி. ஒத்திகையில் நான் செத்தவன்போலக் கிடப்பேன். "சாகிறதையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது உனக்கு" என்பாள். சிரிப்போம்.

வேப்பமரத்தடியில் நின்றோம். சற்றுத் தள்ளிச் சோதனைச் சாவடி. அட்டை இல்லாமல் தாண்ட ஏலாது.

"தம்பி, அட்டைகளை எடு."

பையைத் திறந்தேன். கரம் போர்டுக் காய்கள்.

முதல்நாள் பின்னேரம் விளையாடிவிட்டு வந்து, அதே ஆணியில், அந்தப் பைக்கு மேலேயே இதைக் கொழுவியவன் நான். இரண்டும் அக்கா தைத்தவை. ஒரே துணி. சடசடவென்று என்னைத் துரத்திச் சுட்ட துவக்கு என் முதுகிலேயே தொங்கியிருக்கிறது. இன்றைக்கும் இந்தக் கதையைச் சொன்னால் இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இதற்குமேல் சொல்வதில்லை. இங்கே சொல்கிறேன்.

"நான் போய் எடுத்துக்கொண்டு வாறன் அக்கா."

"நீ போனா அலுமாரியத் தூக்கிக்கொண்டு வருவாய். பிள்ளையோட நில்லு."

இரண்டாம் தரம் நான் கேட்கவில்லை. அவள் சொன்னது வசதியாக இருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு போனாள்.

பத்து ஐம்பது. டும். எண்ணினேன். ஆறில் விழுந்தது. எங்கள் வீட்டுப் பக்கம் புகை.

பையைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு அண்ணன். "வாசல் படலைக்கு வெளியில வந்திட்டா தம்பி. இன்னும் கொஞ்சம்..." பையை என்னிடம் நீட்டினார்.

பைக்குள் ஒரு காகிதமும் கசங்கவில்லை. அதைக் காட்டித்தான் நாங்கள் நால்வரும் சாவடியைத் தாண்டினோம். அக்காவின் மரணச் சான்றிதழுக்கு வேண்டிய காகிதங்களும் அதற்குள்ளேயே இருந்தன. எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கியிருந்தாள்.

இப்போது அன்புவழிபுரத்தில் இருக்கிறோம். புயல் என்று வானொலி சொன்னால் நான் ஒத்திகை வைக்கிறேன். அவரவர் காகிதம் அவரவர் உடம்போடு. பொதுப் பை கிடையாது. விட்டதை எடுக்க ஒருவரும் திரும்பிப் போகக்கூடாது. "அப்பா, மழைக்கே இந்தக் கூத்தா?" மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். அட்டையை எடுத்துக் காட்டும்வரை விடமாட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் நிலாவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைப் பதிந்தார்கள்.

"எத்தனை பேர்?"

"அஞ்சு பேர்" என்றேன். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. ஐந்து பாய் தந்தார்கள். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

அடுத்துப் படிவம் நிரப்பினார்கள். இழந்தவை: வீட்டுக் கூரை. வள்ளம் ஒன்று. தையல் மெசின். கோழி ஆறு. ஆள் ஒருவர், பரமேஸ்வரி, வயது முப்பத்தொன்பது.

அம்மா ஐந்து பாயையும் விரித்தாள்.