நாப்பதாவது பாஸ்

வேணாம் மேடம், போட்டோ மட்டும் எடுக்காதீங்க. அந்தத் தொட்டிச் செடி பக்கத்துல நிக்க வெச்சாலும் வேணாம், இந்த பிரிண்டர் பக்கத்துல நிக்க வெச்சாலும் வேணாம். வெக்கப்படறேன்னு சிரிக்கறீங்க. ஆமா, வெக்கம்தான். ஆனா நீங்க நெனைக்கற வெக்கம் இல்ல அது. ஸ்வல்ப நேரம் உக்காருங்க. அந்தப் பேப்பர் பண்டல் மேலயே உக்காருங்க, பரவால்ல, ஒண்ணும் ஆவாது. சொல்லிடறேன்.

நிருபமா மேடம், நீங்க இந்த ஆபீசுக்கு வந்து இன்னா, ஒரு வருஷம் இருக்குமா? நான் ஒம்போது வருஷமா இதே தொம்மலூர்ல, இதே ரூம்ல, இந்த மிஷினுக்குப் பேப்பர் போட்டுகினு இருக்கறேன். ஒரு எழுத்து தப்பாச்சுன்னா முப்பது பக்கத்தையும் திருப்பி அடிப்பாங்க. அதை மூட்டை கட்டித் தூக்கிப் போடறதும் நான்தான். வயித்தெரிச்சல் அங்கருந்துதான் ஆரம்பிச்சுது. சுற்றுச்சூழல் தினத்துக்குக் கம்பெனி குடுக்கற பரிசுக்கு குணசேகர்னு என் பேரை அனுப்பிட்டேன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அன்னியிலருந்து எனக்குத் தூக்கம் இல்ல. சந்தோஷத்துல இல்ல மேடம்.

நான் கோலார் தங்கவயல்லருந்து வரேன், தெரியும் இல்ல? சுரங்கம் மூடினப்புறம் எங்க ஜனம் பாதிப் பேரு பெங்களூருக்குத்தான் பொழப்புக்கு வருது, விடிஞ்சும் விடியாத அந்த ட்ரெயின்ல. நான் உரிகம்ல ஏறுவேன். எங்க பெட்டியில அம்பது அறுபது பேரு ஒரே செட்டு. முன்னாடி ஸ்டேஷன்ல ஏறுனவங்க கர்சீப் போட்டு நமக்கு எடம் புடிச்சு வெப்பாங்க. கல்யாணம், சாவு, சீட்டு, சண்டை, எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளயே.

எறங்கின ஒடனே ஜனங்க டிக்கெட்டைக் கீழ போட்டுட்டுப் போவாங்க. மழை நாள்ல பிளாட்பாரம் பூரா அதான், செருப்புல ஒட்டிகினு வூடு வரைக்கும் வரும். நாலு பேரு சேந்து போனா ஒரே டிக்கெட்ல போட்டுக்கலாம். மாட்டாங்க, ஆளுக்கு ஒண்ணு. நான் ஒரு மாசம் பொறுக்கினேன் மேடம், ஒரு பிஸ்கட் டப்பா ரொம்பிச்சு. அதைப் பெட்டி நடுவுல கொட்டி, ரெண்டு மணி நேரம் பாக்கெட்ல இருக்கறதுக்கு ஒரு பேப்பரான்னு கேட்டேன். நல்லா பேசினேன்னு வெச்சுக்கங்க. எல்லாரும் கை தட்டினாங்க.

அப்புறம்தான் எங்க செட்டு ஆளுங்க மாசப் பாஸையெல்லாம் போனுக்கு மாத்த ஆரம்பிச்சேன். நானே பக்கத்துல உக்காந்து ஆப்பு போட்டுக் குடுத்து, காசு கட்ட வெச்சு, டி.டி.ஆர் வந்தா எதை அமுக்கிக் காட்டணும்னு சொல்லிக் குடுப்பேன். குணசேகர் அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மாத்தினாங்க. முப்பத்தொம்போது பேரு ஆயிட்டாங்க. நீங்க அப்பதான் கேட்டீங்க, பரிசு பாரத்துல நாப்பதுன்னு எழுதினா நல்லா இருக்கும், நாப்பது ஆச்சான்னு. ஐயோ, உங்க மேல பழி போடல மேடம். நீங்க சாதாரணமாத்தான் கேட்டீங்க.

நாப்பதாவது ஆளு செண்பகம். எனக்கு முந்தின ஸ்டேஷன்லயே ஏறும். கே.ஆர்.புரம் பக்கம் கார்மென்ட்ஸ்ல வேலை. நான் இந்த ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடிலருந்தே, பதினோரு வருஷமா எனக்கு எடம் புடிச்சு வெக்கறது அதுதான். அதோட போன் மகன் போட்டு ஒடைச்ச பழைய போனு, பேட்டரி உப்பிப் போயி பின்னாடி மூடி நிக்காது, ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். அண்ணா, இதுல சார்ஜே நிக்காது, நான் மட்டும் பேப்பர்லயே இருந்துக்கறனேன்னு கேட்டுது. நான் சிரிச்சேன் மேடம். ஊரே மாறிடுச்சு, நீ ஒருத்திதான் மரம் வெட்டறியான்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். மூஞ்சி சுண்டிப் போச்சு அதுக்கு. அப்பவே போனை நீட்டிச்சு.

மூணாவது வாரம், பங்காரப்பேட்டை தாண்டி செக்கிங் ஏறுச்சு. செண்பகம் போனை அமுக்கி அமுக்கிப் பாக்குது, ஒண்ணும் வரல. பழைய பின்னு, யாரு சார்ஜரும் சேரல. நம்பர் சொல்றேன் பாருங்க சார்னு கெஞ்சுது. போன்ல காட்டினாத்தான் பாஸு, அதான் ரூல்சு. அந்த மனுஷன் மேல நான் தப்பு சொல்ல மாட்டேன். அபராதம் கட்டுன்னாரு. கட்டற காசும் அந்தப் போனுக்குள்ளதானே இருக்குது! கதவுகிட்ட போயி நில்லு, அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வான்னுட்டாரு. பதினோரு வருஷத்துல ஒரு நாள் பாஸ் இல்லாம ஏறினதில்ல மேடம் அது. திருடி மாதிரி கதவுகிட்ட நின்னுது, முந்தானையால மூஞ்சைத் தொடைச்சுகினு.

இல்ல, வேலையெல்லாம் போகல. லேட்டாச்சுன்னு அன்னிக்கு கார்மென்ட்ஸ்ல கேட் மூடிட்டாங்க, ஒரு நாள் சம்பளம் போச்சு, அவ்ளோதான். வேலை போயிருந்தாலும் வேற எடத்துல சேத்து விட்டு மனசை ஆத்திக்கினு இருப்பேன்.

நானா? இருந்தேனே. அது புடிச்சு வெச்ச எடத்துலதான், எதிர் சீட்ல. ஏன் எழுந்து பேசலன்னு நீங்க கேக்கறீங்க, சரிதான். மத்தவங்க எழுந்து பேசினாங்க. நான் ஜன்னலைப் பாத்துகினு இருந்தேன். வாயத் தொறந்தா, நீ யாரு, உன் பாஸை எடுன்னு கேப்பாரு இல்ல.

கேக்காம விடுவாரா? வந்துட்டாரு என்கிட்டயும். எடுத்துக் குடுத்தேன். சட்டைப் பையிலருந்து, பிளாஸ்டிக் கவரோட. பேப்பர் பாஸு மேடம்.

என் போனும் மத்தியானத்துக்குள்ள செத்துடும். அதை நம்பி ட்ரெயின் ஏறக் கூடாதுன்னு எனக்கு மொதல்லருந்தே தெரியும். நான் மாறவே இல்ல. எங்க ஆளுங்க யாரும் பாக்கக் கூடாதுன்னு மாசா மாசம் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் கவுன்ட்டர் வரைக்கும் போயி எடுப்பேன். அவரு அதைத் திருப்பிப் பாத்துட்டு, சரின்னு கையில குடுத்தாரு. கதவுகிட்ட நின்னுகினு செண்பகம் மட்டும் பாத்துது. என் கையப் பாத்துது, அப்புறம் மூஞ்சப் பாத்துது.

மறுநாள் நான் வேற பெட்டியில ஏறிட்டேன். எங்க பெட்டியில எல்லாரும் செண்பகத்தைக் கேட்டாங்களாம், அண்ணன் இவ்ளோ சொல்லிக் குடுத்தும் இப்படி ஆயிட்டுச்சேன்னு. அவரு ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்தாரு, நான்தான் சார்ஜ் போட மறந்துட்டேன்னு சொல்லிச்சாம்.

பரிசு லிஸ்ட்லருந்து என் பேரை அடிச்சிடுங்க மேடம்.