இருந்தது இருந்தபடி

உங்கள் அறையின் சுவர்ப்பூச்சு நன்றாக வந்திருக்கிறது, ஐயா. ஜன்னல் ஓரங்களில்தான் பெரும்பாலும் சொதப்புவார்கள். இங்கே அப்படி இல்லை. இப்போதெல்லாம் எந்த அறைக்குள் போனாலும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறேன். வீடு கட்டப் போய்ப் பாதியில் நின்றவர்களுக்கு வரும் வியாதி இது.

என்னை யாரும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். காண்ட்ராக்டரின் வக்கீல் புதிதாக ஒன்றைக் கிளப்பியிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மாடித் திறப்பைச் சுற்றி நாங்களே பலகை அடித்திருந்தோமாம். ஆகவே இடம் அவர் விட்டுப்போன நிலையில் இல்லையாம். என் மனைவி விழுந்து இறந்ததற்கு அவர் பொறுப்பாக முடியாதாம். பலகை அடித்தது தான்தான் என்று என் மைத்துனனும் சொல்லியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்தது பாதிதான். மீதியை நான் சொல்லிவிட்டால் வழக்கில் ஓட்டை இருக்காது.

அந்தத் திறப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூடத்துக்கு வெளிச்சம் வரட்டும் என்று மாடித் தளத்தின் நடுவில் சதுரமாக விட்டது. அவள்தான் ஆசைப்பட்டுக் கேட்டாள். மேலே கம்பியும் கண்ணாடியும் வருவதாகப் பேச்சு. அதற்குள் ஒரு காலையில் காண்ட்ராக்டர் கலவை மெஷினை வண்டியில் ஏற்றினார். "வேற சைட்ல ஒரு அவசரம் சார், முடிச்சிட்டு ஓடி வந்துடுறேன்" என்றார். போனவர்தான். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. அவர் வீட்டு வாசலில் போய் நின்றால் அவருடைய மனைவி கதவைப் பாதி திறந்து, "அவர் ஊர்ல இல்லீங்களே" என்பார். உள்ளே அவர் இருமுவது கேட்கும்.

வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டதால், கீழே முடிந்திருந்த அறைகளில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம்.

வக்கீலிடம் போனேன். பொறுமையான மனிதர். முதலில் நோட்டீஸ் அனுப்பலாம், பதில் இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம் என்றார். நுகர்வோர் மன்றம் இருக்கிறது, சிவில் கோர்ட் இருக்கிறது. நின்றுபோன வேலையை ஓர் இன்ஜினியரை வைத்து எழுதி வாங்கி, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வேறு ஆளை விட்டு வீட்டை முடிக்கவும் செய்யலாம். கூடுதல் செலவைக் காண்ட்ராக்டரிடம் கேட்கலாம்.

"கோர்ட் கமிஷனர் வந்து பாக்குற வரைக்கும் சைட் அப்படியே இருந்தா நமக்கு பலம் சார். அதுக்காக ஆபத்தா கெடக்குறதை அப்படியே விட்டுடாதீங்க. தடுப்பு கிடுப்பு போட்டுக்குங்க, அதை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க."

சைட் அப்படியே இருக்க வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. மறைத்தேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு அது முக்கியமாகப் படவில்லை, அவ்வளவுதான். வேறு ஆள் வந்து முடித்துவிட்டால் காண்ட்ராக்டர் செய்தது எங்கே தெரியும்? வெள்ளையடித்த சுவருக்குப் பின்னால் போய்விடும்.

காவல் நிலையத்துக்கும் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாக உட்காரவைத்துத்தான் கேட்டார். "யாருக்காவது அடிகிடி பட்டுச்சா சார்?"

"இல்லை."

"அப்ப இது சிவில் மேட்டர். கோர்ட்ல பாத்துக்குங்க."

வீடு வரும்வரை அந்தக் கேள்வி என்கூடவே நடந்து வந்தது.

வழக்குப் போட்டேன். கோர்ட்டில் வாய்தாமேல் வாய்தா. கமிஷனர் வரும் நாள் தள்ளிக்கொண்டே போனது. நான் மாடியில் போய்ப் பூசாத சுவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன். இருட்டிய பிறகும் எழுந்து வரத் தோன்றாது. அவள் படியில் நின்று எட்டிப் பார்ப்பாள்.

"கல்யாணமான புதுசுல என்னைக்கூட நீங்க இவ்வளவு நினைச்சதில்லைங்க. எந்நேரமும் அந்தாளு நினைப்புதான்."

சொல்லிவிட்டு இறங்கிப்போவாள்.

ஒருநாள் தன் தம்பியை வரவழைத்தாள். காண்ட்ராக்டர் விட்டுப்போன சென்ட்ரிங் பலகைகள் மூலையில் கிடந்தன. அவன் அவற்றை எடுத்துத் திறப்பைச் சுற்றி இடுப்புயரத்துக்கு அடித்தான். "அதைத் தொடாதே" என்றேன்.

"மாமா, நீங்க கேஸ்கட்டைத் தலைக்கு வெச்சுட்டுத் தூங்குங்க. இதை அடிக்கலேன்னா அக்கா ஒருநாள் இந்த ஓட்டை வழியா, கீழ நாற்காலியில இருக்கிற உங்க மடியில நேரா வந்து உக்காரப்போறா."

"டேய், வாயைக் கழுவுடா" என்று அவள் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு சீக்கிரம் வரும்.

அதன்பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. மாடிக் கொடியில் காய்ந்த துணிகளை மார்போடு முகம்வரை அள்ளிக்கொண்டால் முன்னால் எதுவும் தெரியாது. அதனால் பலகை இடுப்பில் இடிக்கும்வரை நேராக வருவாள். இடித்ததும் இடதுபக்கம் திரும்பிப் படிக்கு வருவாள். திறப்புக்குக் கீழே நாற்காலியில் இருக்கும் எனக்கு எல்லாம் கேட்கும். முதலில் பலகையில் இடிக்கும் சத்தம், பிறகு செருப்பு திரும்பும் சத்தம்.

கமிஷனர் ஒருவழியாக வரப்போகிறார் என்று தகவல் வந்தது. அன்று மதியம் அவள் கண்ணயர்ந்திருந்தபோது மாடிக்குப் போய் ஆணிகளைப் பிடுங்கினேன். சத்தம் வராமல் மெதுவாகத்தான் பிடுங்கினேன். தூங்குகிறவளை எழுப்புவானேன்? பலகைகளைக் காண்ட்ராக்டர் போட்டுவிட்டுப் போன அதே மூலையில் போட்டேன்.

அவள் எழுந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். எழுந்தாள். காபி கலந்து கொடுத்தாள். சொல்ல வாய் வரவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. "ஐயோ, துணி" என்று மாடிக்கு ஓடினாள். போகும்போது சுவரோரமாகவே ஓடினாள், அவசரத்தில் எதையும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் அங்கிருந்தே என்னைத் திட்டியிருப்பாள். கொடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவுவது கேட்டது. கிளிப்புகள் டப்பாவில் விழுந்தன. நிறைய நேரம் இருந்தது, ஐயா. அதை நான் மறுக்கவில்லை. கூப்பிட்டால் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு செருப்புச் சத்தம் நேராக வர ஆரம்பித்தது.

நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

விழுந்த பிறகும் அவளுக்கு நினைவு இருந்தது. துணிகளுக்கு நடுவில் கிடந்தாள். "பலகை எங்கங்க?" என்று கேட்டாள். "அது அவரோட சாமான்" என்றேன். காதில் விழுந்ததா தெரியவில்லை. மாடிக்குப் போய் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கே வழக்குப் பதிந்தார்கள். எத்தனையோ காலமாக அசையாதது எல்லாம் அசைந்தது. மறுநாளே காண்ட்ராக்டரைப் பிடித்துவிட்டார்கள். கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. இனி அந்த வீட்டை யாரும் முடிக்கப்போவதில்லை. யாருக்காக முடிப்பது?

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? நான் அவளைத் தொடக்கூட இல்லை. பலகையை எடுத்தது நான் என்று தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் விழுந்த நேரத்தில் இடம் அவர் விட்டுப்போனபடியேதான் இருந்தது. இனிமேல் அவர் தப்பிக்க வழியில்லைதானே, ஐயா?