பத்து விதை

போளூரிலிருந்து மலை ஏறும் பேருந்து. என் முன் இருக்கையில் ஒரு டீச்சரும், அவரிடம் இரண்டாம் வகுப்பு படிக்கும் சிறுமியின் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

“உங்க பாடத்தால எம்பொண்ணு அடி வாங்கிட்டா டீச்சர்,” என்றார் அம்மா.

“ஐயோ, இன்னா பண்ணா?”

“பூசை போடாம வெதைப் பானையை யாரும் தொறக்க மாட்டோம். இவ தொறந்து, பத்து சாமையை எடுத்து ஈரத்துணியில கட்டி வெச்சிருக்கா. கேட்டா, புக்குல போட்டிருக்குதாம்.”

டீச்சரின் குரல் இறங்கிவிட்டது. “வெதை நல்லதான்னு நான்தாங்க வூட்டுல செஞ்சு பாக்கச் சொன்னேன். மொளைச்சுதா?”

“நாலு நாள் கழிச்சுப் பாத்தா ரெண்டே ரெண்டுதான் மொளைச்சிருக்குது. அந்தப் பானை வெதையையே வெதைச்சிருந்தா இந்த வருசம் நெலம் சும்மாதான் கெடந்திருக்கும். அதான் வேற வெதை வாங்கிக்கினு வர்றேன்.” மடியிலிருந்த பையைத் தட்டிக் காட்டினார்.

“அவகிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். அடிச்சது தப்புதான் கண்ணுன்னேன். அவ இன்னா சொன்னா தெரியுமா? புது வெதையிலயும் பத்து எனக்குக் குடுத்துட்டுத்தான் பானையில கொட்டணும்ன்றா.”

டீச்சர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. முந்தானை முடிச்சை எடுத்துக் காட்டினார்.

“கடையிலயே எண்ணி முடிஞ்சுட்டேன் டீச்சர்.”