சனிக்கிழமை பஸ்ஸில ஏறாதையும்

கொன்பரன்ஸுக்குப் போகாதையும் எண்டு ஆர் சொன்னது? போம். பல்லைப் பற்றி உலகத்தில இன்னும் என்ன மிச்சம் கிடக்கோ, எல்லாத்தையும் பேசும். சனிக்கிழமை அந்த ஊர் சுத்திக் காட்டுற பஸ்ஸில மட்டும் ஏறாதையும். அவ்வளவுதான் நான் கேக்கிறது.

மெல்லக் கதையும். மாமி குசினிக்க நிக்கிறா. எங்கட மகனுக்கு உம்மட கையில குடுத்துவிட மிளகாய் வறுக்கிறா. இருமல் வந்தா இருமும். ரெய்னர்ஸ் லேன் முழுக்க இப்ப இருமிக்கொண்டுதான் இருக்கும்.

ஏனோ? அங்க பாக்க என்ன கிடக்கு, அதைச் சொல்லும். கனடா எண்டவுடன ரொறன்ரோ எண்டு நினைச்சிட்டீர் போல. இது அதுக்கும் எவ்வளவோ வடக்கால. மரமே வளரலாமோ எண்டு யோசிக்கிற இடம். அங்க பெப்ரவரியில பல்லு டொக்டர்மாரைக் கூப்பிட்டிருக்கிறாங்கள். பல்லுக் கிடுகிடுக்கிறதைப் பக்கத்தில நிண்டு படிக்கவாக்கும்.

குளம் உறைஞ்சு கிடக்கும், அதுக்கு மேலால பஸ் ஓடும். அதுதான் முதல் அதிசயம். இஞ்ச ஹவுன்ஸ்லோவில தார் றோட்டுக்கு மேலால போற பஸ்ஸிலயே நான் கம்பியை விடுறேல்லை. பிறகு நாய்வண்டி. நாய்க்குப் பின்னால குந்திக்கொண்டு போகவோ, காணும், டொக்டருக்குப் படிச்சனீர்? பிறகு மூடின தங்கச் சுரங்கம். தங்கம் முடிஞ்சுது, தோண்டின கிடங்கு கிடக்கு, கிடங்கைப் பாக்க ரிக்கற். மியூசியத்தில வைக்கோல் அடைச்ச வெள்ளைக் கரடி. உயிரோட இருக்கிற கரடி பஸ்ஸுக்குக் கிட்ட வாறேல்லையாம். அதுக்காவது புத்தி கிடக்கு. கடைசியா ஒரு பாறை. படியேறி மேல நிண்டா முழுப் பட்டினமும் தெரியுமாம். முழுப் பட்டினம் எண்டா, இஞ்ச டூட்டிங்கில ரெண்டு தெரு அளவு.

ராவில வானத்தில ஆடுற பச்சை வெளிச்சமோ? எனக்குக் கண்ணில கற்றறக்ட், புரை. இஞ்ச இருந்தே எல்லாக் கலரும் தெரியுது.

நான் எங்க போனனான்? இஞ்ச வந்த பிறகு ஹீத்ரோவுக்கு அங்கால கால் வைக்கேல்லை. கேட்டுத் தெரியும்.

காசு கட்டியாச்சோ. கட்டினது போகட்டும். காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு ஹோட்டலில படும்.

மகன் குலசேகரத்தைக் காணவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. பார்சலை வாங்க அவனே ஹோட்டலுக்கு வருவான். கோட்டும் ரையும் கட்டிக்கொண்டு வருவான். எஞ்சினியர் எண்டுவான். ஓம் எண்டு கேளும். என்ன எஞ்சினியர் எண்டு நோண்டாதையும்.

ஓம். அந்த பஸ்ஸை ஓட்டுறது அவன்தான். ஓட்டிக்கொண்டே மைக்கில கதையும் சொல்லுறான்.

சத்தம் போடாதையும். மாமிக்குத் தெரியாது. கோயில்ல ஆரும் அவவைக் கனகாம்பிகை எண்டு கூப்பிடுறேல்லை, எஞ்சினியர்ர அம்மா. எண்பத்தாறில அவன் கனடா போன நாளில இருந்து அந்தப் பேரிலதான் நடந்து திரியிறா. நீர் பஸ்ஸில ஏறினா அவனுக்கு முகம் செத்துப்போம். திரும்பி வந்து நீர் வாய் திறக்கமாட்டீர், சரி. உம்மட அம்மா உம்மட முகத்தைப் பாத்தே கறந்துபோடுவா. உம்மட அப்பா பத்மநாதன்ர வீட்டில ஒண்டு தெரிஞ்சா வெள்ளிக்கிழமை பூசைக்கு முதல் எல்லாருக்கும் தெரியும்.

பஸ் ஓட்டுறதில என்ன குறை? நானும் இஞ்ச ஏர்போட்டில பெட்டி தூக்கினனான். அவனுக்குத்தான் அது விளங்கேல்லை.

எப்பிடித் தெரிஞ்சதோ. ஒப்பிஸ் நம்பர், அவசரமெண்டா மட்டும் எடுங்கோ எண்டு தந்தவன். போன மார்கழி மாமியை நெஞ்சுச்சளியோட ஆஸ்பத்திரியில வைச்சாங்கள். எடுத்தன். குட் மோர்ணிங் எண்டு ஏதோ டூர்க் கொம்பனியின்ர பேரைச் சொன்னான். அவன்ர குரல்தான். நான் ஆரோ மாதிரி இங்கிலீசில, என்ன காட்டுவீங்கள் எண்டு கேட்டன். லைனும் கரகரப்பு, நான் இங்கிலீஸ் கதைச்சு அவன் கேட்டதுமில்லை.

குளம், நாய், கிடங்கு, கரடி. ஒண்டொண்டாச் சொன்னான். சேர், சேர் எண்டு மரியாதையாச் சொன்னான். காலுக்கு ரெண்டு சோடி மேஸ் போட்டுக்கொண்டு வாங்கோ எண்டான். வயசான ஆளெண்டாப் பாறையில ஏறத் தேவையில்லை, நான் பஸ்ஸுக்க ஹீற்றர் போட்டு விடுறன் எண்டான். முழுக்கக் கேட்டன். என்னோட அவன் அவ்வளவு நேரம் கதைச்சது அதுதான் முதல்தரம். மாமியின்ர வருத்தத்தைச் சொல்லவேயில்லை.

கடைசியாப் பேர் கேட்டான். வாயில வந்தது பீற்றர். சனிக்கிழமை பஸ்ஸுக்கு எழுதிக்கொண்டான். அந்தச் சனிக்கிழமை ஹோட்டல் வாசலில பஸ்ஸை ஸ்ரார்ட்டில விட்டுக்கொண்டு, பீற்றர் எண்ட கிழவன் வாறானோ எண்டு பாத்திருப்பான். கொஞ்ச நேரம் நிண்டுதான் எடுத்திருப்பான்.