மின்தடையே இல்லாத ஓராண்டுக்கு விருதாம்!

அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்த அன்னையர்களே, கம்பம் ஏறிக் காய்த்துப்போன கைகளுக்குச் சொந்தக்காரர்களான என் தோழர்களே, வணக்கம்!

"ஓராண்டாய் ஒரு நொடிகூட மின்தடை இல்லை" என்று எங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு விருது தருகிறீர்கள். ஐயோ, கைதட்டாதீர்கள்! ஊர் மின்மாற்றியை நிறுத்திப் பழுது பார்த்தால்தானே தடை வரும்? நாங்கள்தான் பார்க்கவே இல்லையே! அதற்கா பாராட்டு? அதற்கா பந்தல்?

மின்மாற்றிக்குள் இருக்கும் எண்ணெயைச் சோதித்தால் உள்ளே உள்ள கோளாறு தெரிந்துவிடும். எங்களுக்கோ ஒவ்வொரு முறையும் முடிவு பிரமாதம்! எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. எண்ணெய் எடுத்து அனுப்புபவர் யார்? என் தங்கையின் கணவர். அவரையே கேட்டேன்.

"எதுலேருந்து எடுத்தீங்க மாப்பிள்ளை?"

"புது பீப்பாயிலேருந்துதான் மச்சான். உள்ள இருக்கிறது கறுகறுன்னு இருக்கு. அதை அனுப்பினா ஃபெயிலாயிடுமே!"

சிரிக்கிறீர்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். காய்ச்சல் ஒருவருக்கு, இரத்தம் கொடுத்தது பக்கத்து வீட்டுக்காரர்!

உண்மை எண்ணெயை நானே எடுத்து அனுப்பினேன். உள்ளே தீப்பொறி பறக்கிறது என்று பதில் வந்தது. தலைவரிடம் ஓடினேன். "விருது விழா முடியட்டுமே தம்பி, இப்ப நிறுத்தினா சாதனை போயிடுமே" என்றார். என்னத்தைச் சொல்ல! அது வெடித்தால் ஊரோடு ஆஸ்பத்திரியும் இருட்டுதான்!

யாரங்கே? "ஆஸ்பத்திரியில ஜெனரேட்டர் இருக்கே"யா? இருக்கிறது ஐயா. மின்தடையே இல்லாததால் ஓராண்டாய் அதை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. நேற்று ஓட்டினேன், இருமிவிட்டு நின்றது. இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்திருக்கிறோம்.

அந்த ஆஸ்பத்திரியில், இன்குபேட்டருக்குள், மாதம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை ஒன்று கிடக்கிறது. அதன் தகப்பன் யார் தெரியுமா? புது பீப்பாய்க்காரர்தான்! அதோ, கடைசி வரிசையில் தலைகுனிந்து நிற்கிறார். மாப்பிள்ளை, அழாதீர்கள். நாளைக்கு ஸ்பேனரோடு வாருங்கள்.

நாம் நாள் குறித்து நிறுத்தினால் அது பராமரிப்பு. மின்மாற்றியே நாள் குறித்தால் யார் பொறுப்பு? சொல்லுங்கள், யார் பொறுப்பு? நாளைக் காலை நிறுத்தலாம் என்போர் கை தூக்குங்கள்! தாய்மார்கள் அத்தனை பேரும்... மூத்தோர்களும்... அடடா, தலைவர் அவர்களும்! நன்றி ஐயா, விருதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி. நாளை உங்கள் வீட்டு விசிறிகள் நிற்கும். வியர்க்க வியர்க்க என்னைத் திட்டுங்கள். ஜெனரேட்டர் ஓட, இன்குபேட்டருக்குள் என் தங்கை மகள் மட்டும் கதகதப்பாய்த் தூங்கட்டும். வணக்கம்!