பியானோ வாத்தியார் தங்கின ரூம்

...சாவி உங்க கையில இருக்கு, சரி. ஆனா ரூம் என்னோடதும்மா! உள்ள வாங்கோ, பெட்டியோட வாசல்லயே நின்னா எப்படி? அய்யய்யோ, அந்த நாற்காலியில உக்காராதேங்கோ, அது அலங்காரத்துக்கு. கட்டில்ல உக்காருங்கோ. எந்த ஊர், சென்னையா? நல்லதாப் போச்சு, தமிழ்லயே சண்டை போடலாம்.

என் பேர் ஆராவமுதன். பெங்களூர் மல்லேஸ்வரத்துல இந்த வீடு எங்கப்பா கட்டினது. முகேஷ்னு ஒரு பையன் வந்தான். "அங்கிள், ஆறே ரூம், ஒரு பூட்டீக் ஓட்டல்"னான். பூட்டீக்னா ஃபிரெஞ்சுல சின்னக் கடை, அவ்வளவுதான், டிக்‌ஷனரியில பாருங்கோ. சின்னக் கடைதானேன்னு வித்தேன். இந்தக் கோடி ரூம் மட்டும் கடைசி வரைக்கும் எனக்குத்தான்னு கையில அடிச்சு சத்தியம் பண்ணினான்.

அப்புறம்? முகேஷை ஒரு மும்பைக் கம்பெனி முழுங்கித்து. அது ஜீரணம் ஆறதுக்குள்ள மும்பையை டெல்லிக் கம்பெனி முழுங்கித்து. இப்போ ஊர் ஊரா சின்னக் கடை! எல்லாத்துலயும் அதே சோப்பு, அதே பித்தளை உருளி, அதுல அதே செவந்திப் பூ. ஒவ்வொரு ஓட்டலும் தனித்தன்மையோட இருக்கணுமாம்... எப்படித் தனியா இருக்கணும்னு எல்லாருக்கும் ஒரே உத்தரவு! நான் விதான சௌதால, அதான் கர்நாடகத் தலைமைச் செயலகத்துல, குப்பை கொட்டினவன். அங்ககூட இப்படி ஒரு சுற்றறிக்கையைப் பாத்ததில்லை.

காபி சாப்பிடறேளா? வேண்டாம், கிடைக்காது. முன்ன இங்க சமையலுக்கு இருந்த காந்தா ஃபில்டர்ல போடுவா. இப்போ பொட்டலமும் வெந்நீரும்.

என்ன சொல்லிண்டிருந்தேன்... ஆங், ரூம்! வாசல்ல போர்டு படிச்சேளோ? "வெள்ளைக்கார பியானோ வாத்தியார் தங்கிய அறை." அந்தக் கதை நன்னா ஓடித்தா, மும்பைக்காரா ஒரு ஓட்டைப் பியானோவைக் கொண்டு வந்து போட்டா. டெல்லிக்காரா அதே போர்டை ஊட்டியில மாட்டினா, பாண்டிச்சேரியில மாட்டினா. பாவம், அந்த மனுஷன் பாடம் நடத்தினாரா, ரயில்லயே குடியிருந்தாரா?

போன வாரம் டெல்லிலேர்ந்து ஒரு அம்மா வந்தா. "இதுதான் ஒரிஜினல் ரூம். பெரியவரை மாத்துங்க"ன்னுட்டா. எங்க? தண்ணி மோட்டார் பக்கத்துல! மானேஜர் கணேசமூர்த்தி நல்லவன். "முதல்ல வர்ற கெஸ்ட்டுக்குப் பிடிக்கலேன்னா நீங்களே இருங்க சார்"னான். அந்த முதல் கெஸ்ட்... ஹி ஹி, நீங்கதான்.

ஒண்ணு சொல்றேன், பயப்படப்படாது. வாத்தியார் இந்த ரூமை விட்டுப் போகவே இல்லை. விளக்கை அணைச்சதும் பியானோ வாசிக்கறார். மூடி மூடினபடியே இருக்கும்! நேத்து நான் கேட்டேன், சத்தியமா. தப்பா வாசிச்சா கட்டில் காலைத் தட்டறார். நீங்க இப்போ உக்காந்திருக்கேளே, அந்தக் கால்தான்...

அட, எழுந்துட்டேளே! ரிசப்ஷனுக்கா? நேராப் போய் இடது பக்கம். அஞ்சாம் நம்பர் ரூம் காலியா இருக்கு, நல்ல காத்து வரும்! போங்கோ, போங்கோ. பெட்டி இருக்கட்டும், நானே அனுப்பறேன்.

...அப்பாடா. பாவம், நல்ல பொண்ணு.

என்ன, ஜன்னல் வழியாக் குரல் கேக்கறதே... "பேய் நெஜமாவே இருக்கா?"ன்னா கேக்கறா? எதுக்குச் சிரிக்கறா? இன்னும் நாலு நாள் நீட்டிக்கணுமா? சிநேகிதாள்ளாம் வராளா?

அம்மா! ஓய் சென்னை அம்மா! பேயெல்லாம் கிடையாது! பியானோ வாத்தியாரே கிடையாது! இங்க குடியிருந்தது எடை-அளவு இன்ஸ்பெக்டர். கடைக்காராளோட தராசுக்கு முத்திரை குத்தறவர்! முகேஷ் "வீட்டுக்கு ஏதாவது கதை இருக்கா அங்கிள்"னான். தராசுக்காரர் ரூம்னா எவன் வந்து தங்குவான்னு நான்தான் கொஞ்சம் மெருகேத்தினேன்...

கணேசமூர்த்தி, நீ ஏன்டா பல்லைக் காட்டறே? யாருக்கு ஃபோன் போடறே... டெல்லிக்கா? பேய் நன்னா ஓடும்னு சொல்லவா? வேண்டாம்டா! நான் பெட்டியைக் கட்டறேன், மோட்டார் பக்கத்துலயே படுத்துக்கறேன். வாத்தியாரைத்தான் ஊர் ஊரா அனுப்பிட்டேள்... பேயையாவது இந்த வீட்டோட விட்டு வைடா!